தண்டவாள மனிதன், தரம் ஒன்பது

2004 ஜூன் 9

காலையிலிருந்து மழை. கிடங்குக்கு வந்த மிளகில் பாதி ஈரம். குத்தூசி போட்டுப் பார்த்து, மூட்டைகளைத் திருப்பி அனுப்பினேன். லாரிக்காரன் என் குலத்தையே மலையாளத்தில் வாழ்த்திவிட்டுப் போனான். தரம் பார்க்கிறவனுக்கு மட்டாஞ்சேரியில் கிடைக்கும் மரியாதை இதுதான்.

மத்தியானம் மதுரைப் பார்சல் வந்தது. ஏலத்தில் எடுத்த 'தண்டவாள மனிதன்'. ஒச்சப்பன் அங்கே பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை பழைய காமிக்ஸ்களை மின்னஞ்சலில் ஏலம் விடுவார். பத்துக்கு எத்தனை என்று அவரே தரம் போடுவார். பிளாஸ்டிக் கவரில் வைத்து, மெஷினில் சீல் அடித்து, சீட்டில் கையெழுத்திட்டு அனுப்புவார். சீலைப் பிரித்தால் தரம் போச்சு, பிறகு திருப்பியும் எடுக்கமாட்டார். எங்கள் ஏலக் குழுவில் எல்லோருக்கும் அதுதான் சட்டம்.

இதற்கு ஒன்பது போட்டிருக்கிறார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூலை கூர்மை, முதுகில் ஒரு கோடு இல்லை. குற்றம் கண்டுபிடிக்க முடியாதது எனக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

லோகம் அடுக்களையில் மெழுகுவர்த்திச் சுடரில் கொண்டாட்ட வற்றல் பாக்கெட்டுகளின் வாயை ஒட்டிக்கொண்டிருந்தாள். கடைக்குக் கொடுக்க வேண்டியவை. "வந்தூட்டதா?" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பீரோவில் வைத்தேன்.

ஜூன் 10

எங்கள் பையன் சாய்கிருஷ்ணாவிடம் இருந்த பிரதிக்கு அட்டை பாதிதான். ஆஸ்பத்திரிக்கு அவனோடு போனது. திரும்பி வரவில்லை. அவனும்தான்.

ஜூன் 17

ஆறு வருஷம்.

நானும் லோகமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் யார் முதலில் உடைவது என்று போட்டி வந்துவிடும்.

அவனுக்குத் தமிழ் எழுத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் மலையாளமும் இங்கிலீஷும்தானே. காமிக்ஸ் வாங்கிப் போட்டேன், பிடித்துக்கொண்டான். லோகம் திருப்பூணித்துறையில் மலையாளம் படித்தவள். வீட்டில் பேசுவதெல்லாம் தமிழ், ஒரு எழுத்து வாசிக்க வராது. அவள் காய் நறுக்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவான், ஆளுக்கொரு குரலில். கடைசியாக வாசித்தது இந்தக் கதைதான். ரயில் பாலத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. "மிச்சம் நாளைக்கும்மா" என்று மூடினான். மறுநாள் காய்ச்சல். எலிப்பனி, எலிக்காய்ச்சல், என்று டாக்டர்கள் கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

அவனிடம் இருந்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக ஏலத்தில் எடுக்கிறேன். கசங்காததாக, யாரும் தொடாததாகப் பார்த்து. ஏன் அப்படி? தெரியவில்லை. அவனுடையது ஒன்றுகூட கசங்காமல் இருந்ததில்லை.

ஜூலை 2

எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிட முன்னாலேயே வந்தேன். மாடிப்படியில் பாதி ஏறியபோது மேலே யாரோ வாசிப்பது கேட்டது. எழுத்துக் கூட்டி, எழுத்துக் கூட்டி. "நி... ல்... நில்... லு." குழந்தை வாசிப்பது போல. இல்லை — போல என்ன போல! சாய்கிருஷ்ணா ஆறு வயதில் அப்படித்தான் வாசிப்பான்.

நான் காலெடுத்து வைத்ததும் படி முனகியது. குரல் நின்றது. உள்ளே லோகம் மட்டும் இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆரு வாசிச்சா?"

"இங்க ஆரு இருக்கா? அடுத்தாத்து ரேடியோவாக்கும்."

ஜூலை 3

பிரமை. மிளகுத் தூசி தலைக்கேறியிருக்கும்.

ஜூலை 15

பிரமை இல்லை. இன்றும் கேட்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். பயமா? பயந்தால் ஓடியிருக்க மாட்டேனா? இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு வரி என்று கெஞ்சத்தான் தோன்றியது.

லோகத்திடம் சொல்லவில்லை. அவளாவது நிம்மதியாக இருக்கட்டும்.

ஜூலை 25

ஞாயிறு. லோகம் கோவிலுக்குப் போயிருந்தாள். பீரோவைத் திறந்தேன்.

அட்டையின் கீழ்மூலை மடிந்திருக்கிறது. முதுகில் வெள்ளைக் கோடு. பின்னட்டையில் எண்ணெய்க் கறை, விரல் அகலத்துக்கு. இதுவா ஒன்பது? நாலுகூடத் தேறாது!

கவரும் மாறியிருக்கிறது. வந்தபோது மேலே நிறைய இடம் இருந்தது. இப்போது புத்தகத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது, வளர்கிற பையனுக்குச் சட்டை சின்னதாவது போல. புத்தகமா வளரும்? சீல் வைத்த ஓரம் நெளிந்து, கருகி இருக்கிறது. கவர் பிரியவும் இல்லை.

அந்தக் குரலும் இந்தப் புத்தகம் வந்த பிறகுதான். வேண்டாம். அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம். ஒச்சப்பன் ஏமாற்றிவிட்டான், அவ்வளவுதான்.

ஜூலை 26

பூத்திலிருந்து ஒச்சப்பனைக் கூப்பிட்டேன். நான் கத்திய கத்தலில் வரிசையில் நின்றவர்கள் வெளியே போய்விட்டார்கள்.

"சார், நான் அனுப்புறப்ப மூலை கத்தி மாதிரி இருந்துச்சு. அப்பவே படம் புடிச்சு வச்சிருக்கேன்."

"அப்போ என் வீட்டுப் பீரோவுக்குள்ள பேய் பூந்து மடிச்சுதா?"

சொன்ன பிறகு ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஓரம் கருகியிருக்குன்னு சொல்றீகளே, என் மெஷினு ஸ்கேல் வச்ச கணக்கா ஒட்டும் சார். வேற யாரோ பிரிச்சு ஒட்டியிருக்காக."

வேற யார்? சாவி என் பூணூலில் கட்டியிருக்கிறதா என்ன, சுவாமி அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் அதைத் தொட யார் இருக்கிறார்கள்? காமிக்ஸ் பக்கமே திரும்பாதவள் லோகம்.

ஆகஸ்ட் 1

பேலஸ் ரோடு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து ஏலக் குழு முழுவதற்கும் எழுதினேன். ஒச்சப்பன் நாலாம் தரத்தை ஒன்பது என்று விற்கிறார், கவரைப் பிரித்து மாற்றுகிறார், ஜாக்கிரதை என்று. அனுப்பியதும் வயிறு குளிர்ந்தது.

ஆகஸ்ட் 5

நாலு பேர் அவரிடம் எடுத்த ஏலத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஒச்சப்பன் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். "புத்தகத்தை அனுப்பிருங்க சார், பணம் திருப்பித் தர்றேன். இருபது வருசமா இந்தப் பேர வச்சுத்தான் சோறு திங்கிறேன்."

சரி, உண்மை தெரிந்துவிட்டது. குற்றமில்லாதவன் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவானா?

ஆகஸ்ட் 7

பார்சல் கட்டினேன். லோகம் வாசலில் வந்து நின்றாள்.

"அதை எங்க அனுப்பறேள்?"

"கேடு வந்த சரக்கு. திருப்பி அனுப்பறேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மெழுகுவர்த்தி எரிகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12

குரல் இல்லை.

ஆகஸ்ட் 17

தினமும் முன்னாலேயே வந்து படியில் நிற்கிறேன். கிடங்கில் அபிலாஷ் கேலி செய்கிறான், "சேட்டா, வீட்டில் புதுக் கல்யாணமோ?" என்று. இருபது வயதுப் பயல், அவனுக்கு என்ன தெரியும்.

மேலே பாத்திரச் சத்தம் மட்டும்.

புத்தகத்தோடு அவனையும் பார்சல் கட்டி அனுப்பிவிட்டேனா? என்ன மனுஷன் நான்? வீடு தேடி வந்த பிள்ளையை, மூலை மடிந்திருக்கிறது என்று...

ஆகஸ்ட் 18

லோகம் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் பசி இல்லை என்கிறாள். அவளும் குரலைக் கேட்டிருப்பாளோ?

ஆகஸ்ட் 24

ஒச்சப்பனிடமிருந்து தபால். கூடவே ஒரு பக்கத்தின் ஜெராக்ஸ்.

"உள்ள பூராவும் பென்சில்ல எழுதியிருக்கு சார். எனக்குப் புரியல. கடைக்கு வர்ற நர்ஸம்மா மலையாளம்னு சொன்னாங்க. எனக்கு மலையாளமே தெரியாது, நான் எப்படி எழுதியிருப்பேன்? அழிச்சிட்டு ஆறுன்னு போட்டு வித்துரலாம்னு ரப்பரை எடுத்தேன். யாரோ சின்னப் புள்ள படிச்சுப் பழகுன மாதிரி இருக்கு. மனசு வரல."

ஜெராக்ஸில் அந்தப் பாலம். ரயில் நிற்கிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் கீழே உருண்டையாக ஒரு மலையாள எழுத்து. இந்த உருண்டைக் கையெழுத்தை வாரா வாரம் பார்க்கிறேன், கொண்டாட்டப் பாக்கெட்டுக்குள் போடுகிற சீட்டில். ரயில் நின்ற கட்டம் வரைக்கும்தான் பென்சில். அதற்குக் கீழே வெறும் தமிழ்.

மெழுகுவர்த்தி. கருகிய ஓரம். பிரித்துப் பிரித்து ஒட்டினால் கவர் சின்னதாகாமல் என்ன செய்யும்? ஊரார் மூட்டையை எல்லாம் குத்திப் பார்க்கிற எனக்கு, என் அடுக்களையில் எரிகிற மெழுகுவர்த்தி கண்ணில் படவில்லை.

காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நெறைய எழுத்து மலையாளம் போலத்தான் இருக்கு. பாக்கியைத்தான் அவனோட பழைய அரிச்சுவடியை வச்சிண்டு கூட்டினேன். அவன் நிறுத்தின எடம் வரைக்கும் வந்தூட்டேன். பின்னே நீங்க அனுப்பிட்டேள்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி. நான் வாசிச்சுக் காட்டியிருப்பேனே."

"அதுக்காக்கும் சொல்லலை. நேக்கு அது அவன் குரல்லே இருக்கு. உங்க குரல்லே கேட்டா அது போயிடும்."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கடல்காற்று முகத்தில் அடித்தது. இவ்வளவு நாளும் அவன் வரவே இல்லை. அது ஒரு வலி. அவள் தனியாக உட்கார்ந்து அவனைத் தேடியிருக்கிறாள், அதுவும் என்னிடம் மறைத்து. அது வேறு வலி. எது பெரியது என்று தரம் பிரிக்க வரவில்லை.

ஆகஸ்ட் 25

குழுவுக்கு எழுதிவிட்டேன். புத்தகம் கெட்டது என் வீட்டில். ஒச்சப்பன் போட்ட ஒன்பது சரி. ஒருவர் சிரித்து எழுதினார், இன்னொருவர் இனி என்னோடு ஏலத்தில் சேரமாட்டேன் என்றார். எழுதட்டும்.

ஒச்சப்பனுக்குப் போன் செய்து புத்தகம் வேண்டும் என்றேன். அழித்துவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்குள் அவரே சொன்னார், "ஒரு புள்ளி அழிக்கல சார்."

செப்டம்பர் 6

வந்துவிட்டது. கவர் இல்லை, சீல் இல்லை. பழைய நாளிதழில் சுற்றியிருந்தார். தரச் சீட்டும் வைத்திருந்தார். எண் எழுத வேண்டிய இடத்தை வெறுமனே விட்டிருக்கிறார்.

பீரோவில் வைக்கவில்லை. அடுக்களையில், மெழுகுவர்த்திப் பெட்டியின் பக்கத்தில் வைத்தேன். லோகம் பார்த்தாள். நான் கிடங்குக்குக் கிளம்பினேன்.

செப்டம்பர் 7, 8

ஒன்றும் கேட்கவில்லை. புத்தகம் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

செப்டம்பர் 9

மழை விட்டிருந்தது. சாப்பாட்டுக்கு வந்தேன். முனகுகிற படி எது என்று இப்போது தெரியும், அதைத் தாண்டிக் கால் வைத்தேன்.

மேலே குரல். அவளுடையதுதான். அவளுடையது மட்டும்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"ர... யி... ல்." மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "ந... க... ர்... நகர்ந்... தது."

நான் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். சோறு ஆறினால் ஆறட்டும்.