சித்தி மகளின் நகரம்

செப்டம்பர் 9, செவ்வாய்

சித்தி மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. என் அலமாரியில் பாதி போயிற்று, மேசையில் பாதி போயிற்று, ஜன்னல் முழுதாகவே போயிற்று. “மூணு வருஷம்தானே, உன் தங்கச்சிதானே” என்கிறாள் அம்மா. இந்த நாட்குறிப்புக்குள் மட்டும் அவளுக்கு விருந்தாளி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இன்று விருந்தாளி நாடகம் பார்த்துவிட்டு வந்தாள். விற்காமல் மிஞ்சும் இருக்கைகளை, திரை விலகப் போகிற நேரத்தில், மாணவர்களுக்குச் சும்மா மாதிரி கொடுத்துவிடுகிறார்களாம். “உனக்குத் தெரியாதா அக்கா?” என்று கேட்டாள். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திருப்பிக் குத்தியிருப்பேன்.

நான் பிறந்ததே இந்த ஊரில். மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கிறேன். என் மாணவர் அட்டையை இதுவரை பஸ் கண்டக்டரைத் தவிர யாரிடமும் நீட்டியதில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

எனக்கு ஏழு மணிக்குள் வீடு. அவளுக்கு? அம்மாவைக் கேட்டே விட்டேன். கடையிலிருந்து எடுத்து வந்த பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள், நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: “அவ ஊரான் வீட்டுப் பொண்ணுடி. நாம ஏதாவது சொல்லப்போய் அவங்கம்மா மனசு சங்கடப்படணுமா?”

செவ்வாய்க்கிழமை தங்கச்சி, வெள்ளிக்கிழமை ஊரான் வீட்டுப் பெண். அம்மாவுக்கு எது வசதியோ அது.

அப்பாவைக் கேட்டுப் பயனில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன பெட்டிக்குள் அழுதுகொண்டிருந்த எத்தனையோ பேரை வெளியே இழுத்து விட்டிருக்கிறார். அதனாலோ என்னவோ, இந்த ஊரே அவருக்கு மாட்டிக்கொள்கிற இடமாகத்தான் தெரிகிறது.

செப்டம்பர் 17

புதன்கிழமைகளில் அருங்காட்சியகம் மாணவர்களுக்கு இலவசமாம். போய்விட்டு வந்து எனக்கு என் ஊரைப் பற்றியே பாடம் எடுக்கிறாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

விருந்தாளி படகுக் குழுவில் சேர்ந்து ஆற்றில் துடுப்புப் போடுகிறாள். நகர நூலகத்தின் மாடியில் ஒரு பியானோ இருக்கிறதாம், பெயர் எழுதி வைத்தால் யார் வேண்டுமானாலும் தட்டலாமாம், தட்டுகிறாள். போன வாரம் வானியல் கழகத்தின் மொட்டை மாடியில் தொலைநோக்கி வழியாகச் சனிக் கிரகத்தைப் பார்த்தாளாம். “குட்டியா, ஒட்டி வெச்ச மாதிரி இருந்துச்சு அக்கா.” இருக்கும், இருக்கும். எனக்குத்தான் சனி வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே, தொலைநோக்கி எதற்கு?

ஐயோ, என்ன எழுதுகிறேன். நல்ல பெண்தான் அவள். என் துணியையும் சேர்த்துத்தான் மடித்து வைக்கிறாள். ஆனால் வயிறு எரிகிறதே, என்ன செய்ய? அவளுடைய பொருள் எதையும் பார்த்து எரியவில்லை. அத்தனையும் எனக்குப் பக்கத்திலேயே இத்தனை வருடமாக இருந்தவை. அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

அப்பா சரி என்று சொல்லிவிட்டார்! அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களுக்கு ஊரை நடந்தே சுற்றிக் காட்டுகிறது. அதற்கு ஒரு மாணவர் வழிகாட்டி வேண்டும். ஒரே ஓர் இடம். துறை அறிவிப்புப் பலகையில் பார்த்தேன்.

“அருங்காட்சியகமா? பகல்லதானே?” என்றார் அப்பா. “சரி, போ.” வாழ்க்கையில் முதல்முறையாக, படிப்புக்கு அல்லாமல் வெளியே போக ஒரு சரி. இது கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு. கிடைக்காவிட்டால் மறுபடியும் பஸ், வீடு, ஏழு மணி.

சந்தோஷத்தில் விருந்தாளியிடம் உளறித் தொலைத்தேன். “நானும் போட்டுப் பாக்கட்டுமா அக்கா?” என்றாள்.

“போடேன்” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் படிப்பது புள்ளியியல். வந்து முழுதாக இரண்டு மாதம் ஆகவில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

இன்று வழிகாட்டித் தேர்வு. மணிக்கூண்டின் கீழே நின்றோம். அருங்காட்சியக மேற்பார்வையாளர் அம்மாள், இரண்டு ஊழியர்கள், நான். மணிக்கூண்டு கட்டிய வருடம், கட்டியவர், இடித்துக் கட்டிய வருடம், எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மேற்பார்வையாளர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “சரிம்மா, இங்கேருந்து பழைய துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியைச் சுற்றி, மேம்பாலத்துக்கு அடியில், பெட்ரோல் பங்க் தாண்டி. வெயில். ஊழியர்களில் ஒருவர் செருப்புக்குள் போன கல்லை எடுக்க நின்றார். எனக்கு வழியில் சந்தேகமே இல்லை. மேற்பார்வையாளர்தான் மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, நீங்க பஸ் போற வழியில போறீங்களா?”

ஆமாம். பஸ் போகிற வழிதான். எனக்குத் தெரிந்த ஒரே வழி.

மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறதாம். அதில் நுழைந்தால் அந்தப் பக்கம் துறைமுகமாம். பஸ்ஸால் அதில் நுழைய முடியாது, அதனால் ஊரைச் சுற்றுகிறது. இத்தனை வருடமும் அது சுற்றியபோதெல்லாம் நானும் உள்ளே உட்கார்ந்து சுற்றியிருக்கிறேன். துறைமுகம் தூரம் என்றே நினைத்திருக்கிறேன்.

எனக்கு அடுத்து விருந்தாளி. சந்துக்குள் நுழைந்தாளாம். அங்கே பூட்டு ரிப்பேர் செய்பவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். கேட்கணுமா இனிமே?

அக்டோபர் 14

அவளுக்குத்தான். அம்மா கேசரி கிண்டினாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று.

அக்டோபர் 18, சனி

சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்?

நேற்று மாலை மழை. பால்கனியில் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன், தெருமுனையில் ஒரு பையனின் ஸ்கூட்டரிலிருந்து அவள் இறங்கினாள். நேற்று எதுவும் கேட்கவில்லை. இன்று சாப்பிடும்போது அப்பா அவளிடம், “ஊர்வலம் கூட்டிட்டுப் போற ஆளு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ” என்று சிரித்தார். என்னிடம் அப்பா அப்படிச் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று?

“நேத்து தெருமுனையில உன்னை இறக்கி விட்டது யாரு?” என்றேன். தண்ணீர் கேட்பது போல, அவ்வளவு சாதாரணமாக.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“படகுக் குழுவுல இருக்கிறவன் பெரியப்பா. மழைன்னு விட்டுட்டுப் போனான்” என்றாள். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அப்பா எழுந்து போய்ச் சித்திக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

“தெரியுமே அத்தான், சொன்னாளே” என்றாள் சித்தி. “ரெண்டு ஹெல்மெட் இருந்துச்சான்னு கேட்டேன், இருந்துச்சுன்னா.”

அவ்வளவுதான். சித்தி கேட்டது அவ்வளவுதான்! இப்படியும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த நிமிடம் எனக்கு நாடகமும் வேண்டாம், படகும் வேண்டாம், சித்திதான் வேண்டும் என்றிருந்தது.

அப்பா விடவில்லை. “உனக்குச் சரியா இருக்கலாம்மா. என் வீட்ல இருக்கிறவரைக்கும் பொறுப்பு என்னோடது. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னைத்தான் கேக்கும்.”

“அப்ப ஹாஸ்டல் பாத்துக்கறோம் அத்தான்” என்றாள் சித்தி.

அக்டோபர் 25, சனி

போய்விட்டாள். அம்மா அழுதாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்.

அறையில் நானும் அவளும் மட்டும் இருந்தபோது போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “என்கிட்டயே கேட்டிருக்கலாம் அக்கா.”

“என்னன்னு? அவன் யாருன்னா?”

“இல்ல. என்னையும் கூட்டிட்டுப் போடின்னு.”

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். ஒரு வாரமாக வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்.

நவம்பர் 5

அப்பாவுக்கு ஸ்கூட்டர் பயம் பிடித்துவிட்டது. இனி எனக்கு ஏழு மணி இல்லை, ஆறு மணி. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

முழு அலமாரியும் எனக்கு. வைக்கத்தான் ஒன்றுமில்லை.

நவம்பர் 9

ஞாயிற்றுக்கிழமையிலும் சிறப்பு வகுப்பு. பஸ் மணிக்கூண்டைத் தாண்டும்போது அருங்காட்சியக வாசலில் கூட்டம். நடுவில் மஞ்சள் தொப்பியில் விருந்தாளி. எல்லாரும் அவள் கை காட்டிய பக்கம் நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பஸ் திரும்பிவிட்டது, என்னவென்று தெரியவில்லை.

இன்னும் எரியுது. போகவே போகாதா இது?

நவம்பர் 15, சனி

அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு வெளியே போறேன்ப்பா” என்றேன். போகட்டுமா என்று கேட்கத்தான் நினைத்தேன், வாயில் இப்படி வந்துவிட்டது.

“எங்க?”

“ஊர் சுத்திப் பாக்க.”

“எந்த ஊரு?”

“இந்த ஊருதான்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. செய்தித்தாளை மடித்தார், மறுபடி பிரித்தார். அடுக்களையில் அம்மா குழாயை மூடிவிட்டாள், காது கொடுத்துக் கேட்கத்தான்.

“யார் கூட?”

“தனியாத்தான்ப்பா. எனக்கு இந்த ஊர்ல ஒரு தெருகூடத் தெரியாது.” அழக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, “போனை சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போ” என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

அவளிடம் சொல்லாமல்தான் போனேன். வெளியூர்க்காரர்களோடு வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன். உயரமான ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மஞ்சள் தொப்பி அவளுக்குப் பொருந்தித் தொலைக்கிறது.

வணக்கம் சொல்லிவிட்டு, கிளம்பும் முன் கேட்டாள்: “உங்கள்ல இந்த ஊர்க்காரங்க யாராவது இருக்கீங்களா?”

எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்த உயரமான மனிதரும் நகர்ந்துவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லப் போகிறாள், “இதோ எங்கக்கா, பொறந்ததே இங்கதான்” என்று சொல்லிச் சிரிக்கப் போகிறாள் என்று காது சூடாகிவிட்டது. சொன்னால் தப்பில்லை. சாப்பாட்டு மேசையில் நான் அதைத்தானே செய்தேன்.

நான் கையைத் தூக்கவில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“அப்ப எல்லாருமே புதுசு. நல்லதாப் போச்சு” என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல், “பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க, அங்கேருந்து ஒண்ணும் தெரியாது” என்றாள்.

நான் முன்னால் போனேன்.