பாட்டு மட்டும் கேட்கும் பிளேயர்

குடவாசல்
21 ஜூன் 2025

அரசிதழ் அறிவிப்பு!

இதனால் குடவாசல் மாநகரப் பொதுமக்களுக்கும் அதிராம்பட்டினம் கடல்வாழ் உயிரினங்களுக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: பதினோராம் வகுப்பு மாணவரும் பல்குரல் வித்தகருமான திருவாளர் யுவன் அவர்களின் செல்போன், தந்தையார் காயாரோகணம் அவர்களால் கைது செய்யப்பட்டு, பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே அடைக்கப்பட்டுள்ளது. ஜாமீன் கிடையாது. வீட்டு இன்டர்நெட்டும் துண்டிக்கப்பட்டது. அம்மா போனில் பேசலாம், ஆனால் ஸ்பீக்கரில் போட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது!

அன்புள்ள ஷஹ்பாஸ்,

ஆகவே, பத்தாம் வகுப்போடு பள்ளி மாறி ஊருக்குப் போய்விட்ட உனக்குக் கடிதம். உன் நெய்னா மாமா சனிக்கிழமைதோறும் இங்கே மில்லுக்கு அரிசி லோடு ஏற்ற வருகிறார் அல்லவா, அவர்தான் இனி நம் தபால்துறை.

எல்லாம் பிரதீபா அக்கா கல்யாணத்தில் நான் மைக்கில் செய்த அந்த அறிவிப்பால் வந்தது. "மூன்றாவது பந்தியிலும் முதல் ஆளாக அமர்ந்திருக்கும் மாப்பிள்ளையின் பெரியப்பா அவர்கள், நான்காவது பந்திக்கு இடம்பிடிக்கும் முன், மேடைக்கு வந்து மணமக்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவும்." மண்டபமே குலுங்கியது. பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. குரலை மாற்றிப் பேசியதால் நான் அறிவித்தது யாருக்கும் தெரியாது, உன்னைத் தவிர. அப்படியிருக்க சாயந்திரமே அப்பா என்னைப் பிடித்துவிட்டார். எவனோ போட்டுக்கொடுத்திருக்கிறான். என் சந்தேகம் அத்தை பையன் சபரிநாதன் மேல். அவன் சைக்கிளுக்கு வாரந்தோறும் காற்றுப் பிடுங்கும் சேவையைத் தொடங்கிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண வீடியோ பென்டிரைவில் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சினிமாப் பாட்டு போடச் சொன்னார்களாம், அம்மா நாதஸ்வரமும் மண்டபத்துச் சத்தமும் அப்படியே வேண்டும் என்றாராம். "ரெண்டு வீட்டுக்கும் சண்டை வேணாம்"னு வீடியோக்காரர் ஒரே ஃபைலில் ரெண்டு ஆடியோவும் வைத்துவிட்டார். முதலாவது பாட்டு. இரண்டாவது, மைக்செட் ராம்கி அண்ணனின் பெட்டியிலிருந்து நேராக எடுத்த மண்டபச் சத்தம். அதில் என் அறிவிப்பு இருக்கும்! வரலாற்று ஆவணம்! ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற பிளேயர் பாட்டை மட்டும்தான் பாடுகிறது. ஆடியோவை மாற்றிக் கேட்க எந்த பிளேயர் நல்லது? கம்ப்யூட்டர் டாக்டரே, மருந்தை பென்டிரைவில் போட்டு அனுப்பு.

சிறைவாசி,
யுவன்


அதிராம்பட்டினம்
26 ஜூன் 2025

அன்பு யுவனுக்கு,

ஷஹ்பாஸ் எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். உம்மா உன்னை விசாரித்தார்கள். நெத்திலிக் கருவாடு மாமாவிடம் கொடுத்து விட்டிருக்கிறார்கள், உன் அம்மாவிடம் கொடு. அறிவிப்பைப் படித்து ஜஸீலா விழுந்து விழுந்து சிரித்தாள். என் தங்கச்சிக்கு உன்னைவிட்டால் வேறு காமெடியன் கிடையாது.

பென்டிரைவில் ஒரு பிளேயர் போட்டிருக்கிறேன். நீல நிற ஐகான். சின்னது, வேகமானது, உங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு அதுதான் தாங்கும். எல்லாரும் வைத்திருக்கிற அந்த ஆரஞ்சு கூம்பு பிளேயரைப் போடாதே, உன் மெஷின் திணறும். அப்புறம் இன்னொன்று. இந்த மாதிரி ஃபைல்களில் இரண்டாவது ஆடியோ பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ரொம்ப எதிர்பார்க்காதே.

சபரி பாவம்டா. அவனை விட்டுவிடு.

அன்புடன்,
ஷஹ்பாஸ்


குடவாசல்
5 ஜூலை 2025

டாக்டர் ஷஹ்பாஸ் சமூகத்துக்கு,

உங்கள் நீல மாத்திரையால் நோயாளிக்கு நோய் முற்றிவிட்டது.

டேய், அதில் ஆடியோவை மாற்ற இடமே இல்லையடா! வலது பக்கம் அமுக்கினேன், இடது பக்கம் அமுக்கினேன், கீபோர்டில் இருக்கிற எல்லாவற்றையும் அமுக்கினேன். சத்தம் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். அக்கா தாலி கட்டிக்கொள்ளும்போதும் குத்துப்பாட்டு, ஆசீர்வாதம் வாங்கும்போதும் குத்துப்பாட்டு. அம்மா நேற்று வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நாயனக்காரர் வாயை ஊதி ஊதிக் காட்டுறாரு, சத்தத்தைக் காணுமே"ன்னு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

எட்டாம் வகுப்பிலேயே இசைவாணி மிஸ்ஸுக்கு புரொஜெக்டர் சரிசெய்து கொடுத்தவன் நீ. உனக்கு இது தெரியாமல் போனதா? கடல்காற்று பட்டு மூளை துருப்பிடித்துவிட்டதா? கெஞ்சிக் கேட்கிறேன், அந்தக் கூம்பையே அனுப்பு. திணறினால் நான் விசிறிவிடுகிறேன்.

இங்கே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவைக்கு அப்பா விடிந்தால் நாற்றங்காலில்தான் இருக்கிறார். அதனால் வீடு கொஞ்சம் நிம்மதி. ராம்கி அண்ணனைத்தான் நினைத்தால் பாவமாக இருக்கிறது. மைக்கை எவனுக்கோ கொடுத்துவிட்டார் என்று அன்றைக்கு அவரை எல்லாரும் வளைத்துக்கொண்டு திட்டினார்களாமே. ஆவணியில் அத்தை வீட்டு விசேஷத்துக்கு வேறு மைக்செட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் அந்த இடத்தில் இருந்திருந்தால் நெஞ்சை நிமிர்த்தி "நான்தான் செஞ்சேன், அவரை விடுங்க"ன்னு சொல்லியிருப்பேன். என்ன செய்வது, அப்போது பந்தியில் ஜாங்கிரியோடு முக்கியமான பேச்சுவார்த்தையில் இருந்தேன்.

இன்னும் சிறையில்,
யுவன்


அதிராம்பட்டினம்
9 ஜூலை 2025

அன்பு யுவனுக்கு,

மன்னித்துக்கொள், கூம்பு பிளேயரை இந்த வாரம் அனுப்ப முடியவில்லை. பென்டிரைவில் இடமில்லை. இங்கே காற்று அதிகம், கரண்டும் அடிக்கடி போகிறது.

எனக்கு ஒரு யோசனை. அந்த வீடியோ ஃபைலையே மாமாவிடம் கொடுத்து அனுப்பு. நான் இங்கே ஒரே ஆடியோவாக மாற்றி, நாயனச் சத்தம் வருகிற மாதிரி செய்து தருகிறேன். உன் அம்மா சந்தோஷப்படுவார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதை அழித்துவிடு, வீணாக இடத்தை அடைக்கும். ரெண்டு இடத்தில் இருந்தால் குழப்பம்.

அவசரப்பட்டு வேறு யாரிடமும் கொடுக்காதே.

ஷஹ்பாஸ்


குடவாசல்
19 ஜூலை 2025

ஷஹ்பாஸுக்கு,

அறிவிப்பு எதுவும் இல்லை.

புதன்கிழமை இசைவாணி மிஸ்ஸிடம் கேட்டேன். லேபில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்தக் கூம்பு இருக்கிறது. "இதுக்கா இவ்ளோ நாள் அலைஞ்ச?"ன்னு சொல்லி, மேலே ஆடியோ என்று இருக்கிற இடத்தில் அமுக்கி, இரண்டாவதை எடுத்துவிட்டு அவங்க வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் வேலை. ரெண்டு அமுக்கு. நம் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருப்பதைவிடப் பழசு. அது திணறவில்லை. நான்தான் திணறினேன்.

ஹெட்போனில் கேட்டேன். நாயனம் வந்தது. என் அறிவிப்பு வந்தது. சிரிப்பு வந்தது. அப்புறம் தடக்கென்று ஒரு சத்தம், நான் மைக்கை அணைக்காமலே மொய் மேசை மேல் போட்டுவிட்டு ஓடினேனே, அது. ராம்கி அண்ணன் பெட்டியில் சத்தத்தைக் குறைத்துவிட்டார் போல, மண்டபத்துக்குக் கேட்கவில்லை. ஆனால் பெட்டி பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது.

அப்பா கத்துகிறார். ராம்கி அண்ணன் "சார், நான் சாப்பிடப் போயிருந்தேன் சார், சத்தியமா எனக்குத் தெரியாது"ங்கிறார். அப்புறம் ஒரு குரல். "மாமா, அவரை விடுங்க. யுவன்தான் மாமா பேசுனது. நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லாதீங்க."

உன் குரல் எனக்குத் தெரியாதா? ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரைக்கும் ஒரே பெஞ்ச்.

அன்றைக்குச் சாயந்திரம் பஸ் ஏறும்போது என் தோளில் கை போட்டு, "எவன்டா சொல்லியிருப்பான்?"னு என்கூடச் சேர்ந்து யோசித்தாய். நான் சபரி என்றேன். "இருக்கலாம்"னாய். அந்த ஒரு "இருக்கலாம்"க்காக அவன் சைக்கிள் டயர் எத்தனை தடவை உயிரை விட்டிருக்கிறது தெரியுமா? நேற்று அவனிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. பம்ப்பை எடுத்து என் கையில் கொடுத்தான்.

அப்பாவிடம் நீ சொன்னதைக்கூட விடு. உலகத்தில் எத்தனையோ பிளேயர் இருக்கிறது. அத்தனையிலும் உன் குரல் கேட்காத ஒன்றைத் தேடி எடுத்து, "உனக்கு இதுதான்டா நல்லது"ன்னு அனுப்பினாய் பார். கருவாட்டோடு சேர்த்து. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் உன்னிடம் மருந்து கேட்டேன்டா.

இனி நெய்னா மாமாவிடம் எதுவும் கொடுத்து விடாதே. அவர் பாவம், அரிசி மூட்டையே போதும்.

யுவன்


அதிராம்பட்டினம்
24 ஜூலை 2025

யுவனுக்கு,

கொடுத்து விடாதே என்றாய். மாமாவைக் கெஞ்சித்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

நீ எழுதியது எல்லாம் உண்மை. ஒரு பிளேயர் இல்லை, நாலைந்து பிளேயர் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆடியோ மாற்ற முடிந்தது. மாற்ற முடியாத ஒன்று கிடைக்கிற வரைக்கும் தேடினேன். கிடைத்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது. மொய் மேசையில் மைக் கிடந்தது, பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது, பேசி முடித்த பிறகுதான் பார்த்தேன். இரண்டாவது ஆடியோ என்று நீ எழுதிய உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

ராம்கி அண்ணன் சட்டையை உன் சித்தப்பா பிடித்திருந்தார். "பெட்டி ஒண்ணும் வெளிய போகாது, இனிமே இந்த ஊர்ல நீ மைக் கட்ட முடியாது"ன்னு சொன்னார்கள். உன்னைத் தேடினேன். காணவில்லை. அதனால் சொன்னேன். அந்த நேரம் வந்தால் மறுபடியும் சொல்வேன். ஆனால் உன்னிடம் மறைத்தது என் பயம். வேறு காரணம் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் பேசுவதற்குக் கொஞ்சம் முன்னால் அதில் இன்னொரு குரல் இருக்கிறது. அதைப் பற்றி நீ எழுதவில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஷஹ்பாஸ்


குடவாசல்
2 ஆகஸ்ட் 2025

ஷஹ்பாஸுக்கு,

முக்கியச் செய்தி. குடவாசல் கடைத்தெருவே கண்கலங்க, யுவன் போன வாரம் ராம்கி அண்ணன் கடைக்குப் போய், எல்லார் முன்னாலும் நிமிர்ந்து நின்று மன்னிப்புக் கேட்டான். ராம்கி அண்ணன் அவனைக் கட்டிப்பிடித்து, "தம்பி, உன்னை மாதிரி ஒரு ஆம்பளைப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை"ன்னு சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். நம் வகுப்பில் எல்லாருக்கும் இந்தச் செய்தி தெரியும். கை தட்டினார்கள்.

சரி. மேலே எழுதியது அத்தனையும் புளுகு. இதே புளுகை வகுப்பில் சொன்னேன், அவர்கள் கை தட்டினது மட்டும் நிஜம்.

அந்தக் குரலைக் கேட்டேன்டா. முதல் தடவையே கேட்டேன். அப்பா "எவன்டா மைக்கை எடுத்தது?"ங்கிறார். உடனே ஒரு கீச்சுக்குரல், "ராம்கி அண்ணன்தாம்ப்பா. அவருதான் யாருக்கோ குடுத்தாரு, நான் பாத்தேன்." எல்லாரும் ரேடியோக் குரல் என்பார்களே, அது இல்லை. எலி பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. யாரோ என்று நினைத்து பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டேன். நான்தான். சொல்லிவிட்டு, கூட்டம் ராம்கி அண்ணன் பக்கம் திரும்பினதும் நழுவினேன். ஜாங்கிரியெல்லாம் அதற்கப்புறம்தான். அதுவும் இறங்கவில்லை.

அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு அந்தக் கோபக் கடிதம் எழுதினேன். உன்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது. வகுப்பில் "ஷஹ்பாஸ் எனக்குத் துரோகம் பண்ணிட்டான்"னு சொன்னேன், எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள், நன்றாக இருந்தது. ராம்கி அண்ணனுக்கு நான் என்ன பண்ணினேன் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நான் சொல்லவும் இல்லை.

அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த நீல பிளேயரை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது. என்னை நம்பாமல்கூட இரு, திட்டு, அடி. எனக்கு நல்லது செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என் காதை அடைத்தாய் அல்லவா, அது தீர நாளாகும். தீருமா என்றும் தெரியாது.

ஆனால் நேற்று நிஜமாகவே கடைத்தெருவுக்குப் போனேன். எதிர்ப்பக்கம் நின்றேன். ராம்கி அண்ணன் குழாய் ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, அக்கா சவுக்கியமா?"ன்னு கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார்டா. "சவுக்கியம்ணே"ன்னு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊரையே மைக்கில் கலாய்த்தவனுக்கு அந்த மனுஷன் முன்னால் ஒரு வரி வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாமாவோடு லாரியில் ஏறி வா. பழைய மாதிரி பேசலாம் என்று கூப்பிடவில்லை. கடை வாசல் வரைக்கும் உன்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். உள்ளே போய் நானே ஆரம்பிக்கிறேன். பாதியில் மறுபடியும் புளுக ஆரம்பித்தால், அப்போது மட்டும் நீ பேசு. என்னைப் பற்றி உண்மையைச் சொல்ல உனக்குத்தான் நன்றாக வருகிறதே.

யுவன்