குண்டு பாய்ந்த ஆற்று மணல்

அன்புள்ள அம்மாவுக்கு, சுகிர்தா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா? சண்டிகரில் நான் நலம், குளிர்தான் தாங்கவில்லை.

பாபநாசம் படித்துறையில் அப்பா அள்ளி அனுப்பிய மணலை நேற்று ஆய்வுக்கூடத்தில் சோதித்தோம். மணல் நிரப்பிய குழாய்க்குள் இரும்புக் குண்டைப் படுவேகமாகச் செலுத்துவதுதான் எங்கள் வேலை. பைய அழுத்தினால் மணல் விலகிக் கொடுக்கும். அந்த வேகத்தில் விலக நேரமே கிடைக்காது. மணிகள் ஒன்றையொன்று நசுக்கி, சூடேறி, மாவாகிவிடும். எங்கள் ஆற்று மணலைப் போல உண்டா என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு, சலிக்காமலே நிரப்பினேன்.

குழாயைத் திறந்ததும் கருகிய துணி நாற்றம். வெள்ளை மாவுக்குள் உருகிய பாலியஸ்டர் நூல், பாவாடை நாடாவின் முடிச்சு, ஷாம்பு பாக்கெட் துண்டு. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். தோஷம், பரிகாரம் என்று கட்டின துணியை ஆற்றில் அவிழ்த்துவிட்டு வருகிறார்களே, சீ! அந்தத் தண்ணீரைத்தானே நாமும் குடிக்கிறோம்?

போன வாரம் நீங்களும் போனில் சொன்னீர்கள்: "ஏட்டி, உனக்கு ஏழரைச் சனி நடக்கு. உன் பச்சை சுடிதார பாபநாசத்துல விட்டுட்டு வாரேன், எல்லாம் சரியாப் போவும்."

தயவுசெய்து விடாதீர்கள். அதை நம் வீட்டு சோப்பில் துவைத்து எனக்கு அனுப்புங்கள். குழாயைக் கழுவக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

சனி இருந்துவிட்டுப் போகட்டும் அம்மா. இங்கே என்னோடு வேறு யார் இருக்கிறார்கள்?

சுகிர்தா