கறுப்பாய் இறங்கும் முதல் மழை

முதல் மழைக்கு மண்வாசனை என்று சொன்னவர்கள் யாரும் திருவொற்றியூரில் குடியிருந்திருக்க மாட்டார்கள். இன்று காலை மழை தொடங்கியபோது அடுப்பில் பால் இருந்தது. எரிந்த ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி அந்த நாற்றம் ஜன்னலுக்குள் வந்ததும் பாலை இறக்கிவைத்துவிட்டு ஓடினேன். மாடிக்குழாயில் தெருப்பக்கம் திரும்பிய வாயில் நீ செருகி வைத்திருந்தாயே, சைக்கிள் ட்யூப் சுற்றிய மரக்கட்டை, அதைப் பிடுங்கினேன். மொட்டைமாடித் தண்ணீர் கறுப்பாக, மழைக்குழிக்குள் போகாமல் தெருவில் பாய்ந்தது. "மொத மழைய தெருவுக்கு வுடு, ரெண்டாவத உள்ள வாங்கு" என்பாயே, அப்படித்தான். ஒரு பாட்டில் நிறைய மட்டும் அதைப் பிடித்து வைத்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீ போனபிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவளுக்குக் கோபமாகவா எழுதுவது என்று பேனாவை மூடிவிடுவேன். இன்றைக்கு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழைநீர் சேமிப்பு கட்டாயம் என்று அரசாங்கம் சொன்ன வருஷம் நினைவிருக்கிறதா? நான் கீழ்ப்போர்ஷன், நீ மேல்போர்ஷன். வீட்டுக்காரர் மாடியிலிருந்து புதுக்குழாய் ஒன்றை இறக்கி, அதன் வாயை மணலில் புதைத்துவிட்டு நிமிர்ந்தார். ஆபீசர் வந்தார், குழாயைப் பார்த்தார், போனார். நீ காலால் மணலை விலக்கினாய். அடியில் ஒன்றுமே இல்லை.

"இன்னாமே இது, குழாய்க்கு சமாதி கட்டிகீறாரு" என்று சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகன் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். அடிபம்ப்பில் வந்த மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினால் உடம்பெல்லாம் தடிப்பு. விடிகாலையில் ஆலைகள் இருக்கும் மணலிப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் அவன் நெஞ்சு விசில் அடிக்கும். காற்றை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, தண்ணீரையாவது சரிசெய்யலாம் என்று நினைத்தோம். அரசாங்கம் கொடுத்த நோட்டீஸைப் படித்து நான் படம் போட்டேன். நீ பேரம் பேசினாய். டோல்கேட் பக்கத்துக் காயலாங்கடையில் ஒரு நீலப் பீப்பாய் சல்லிசாகக் கிடைக்கிறதென்று உருட்டிக்கொண்டு வந்தோம். மூடியைத் திறந்ததும் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. எந்த ஆலையின் என்ன மருந்தோ.

"இத்த வூட்ல வச்சா கொசுகூட வராது, நாமளும் இருக்க மாட்டோம்" என்று அப்படியே திருப்பி உருட்டினாய்.

பிறகு பீப்பாயே வேண்டாம் என்று குழி தோண்டினோம். யாரோ இடித்துப்போட்ட செங்கல், சல்லி, இஸ்திரிக்காரர் தந்த கரி. வீட்டுக்காரர் வந்து, "தோண்டினா பில்டிங்கு ஆடும்மா" என்றார்.

"பில்டிங்கு ஆடல நைனா. நீதான் ஆட்ற" என்றாய்.

அந்த வருஷ மழைக்குப்பின் பம்ப்புத் தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. மகனின் முதுகில் தடிப்பு அடங்கியது. உனக்கு அது போதவில்லை. வெயிலுக்கு மாடித்தரையில் சுண்ணாம்பு அடித்தாய். கிழிந்த குடைத்துணியில் எனக்கும் உனக்கும் பை தைத்தாய். மாடி சுத்தமாக இருந்தால்தான் குழிக்குத் தண்ணீர் சுத்தமாகப் போகும் என்று தினமும் பெருக்கினாய். இரவு வெள்ளையாக இருக்கும் தரை காலையில் சாம்பல் பூத்துக் கிடக்கும். ராத்திரியெல்லாம் ஆலைப் புகைபோக்கி கொட்டியதை நீ துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினாய். இருமலோடு அள்ளினாய். "இன்னா கலீஜ்மே இது, ஓயவே மாட்டேங்குது" என்பாய். அந்தத் தூசிதான் உன் நெஞ்சுக்குள் போனதா? எனக்குத் தெரியாது. அதை யாரும் சோதித்துப் பார்க்கவுமில்லை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா உன்னைக் கேட்டாரே, "வீட்ல விறகு அடுப்பா? கொசுவத்தி கொளுத்துவீங்களா? வீட்டைச் சுத்தமா வச்சுக்கணும்மா" என்று. நீ ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, "தொடச்சித் தொடச்சி கையே தேஞ்சி போச்சு. நீ ஒருவாட்டி வந்து பாரு டாக்டரம்மா" என்றாய். அவர் வேறு கட்டிலுக்குப் போய்விட்டார். நீ கூப்பிட்டதற்கு இன்றுவரை யாரும் வந்து பார்க்கவில்லை.

உன் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். குறைந்த செலவில் பசுமை வீடு. குப்பையை எரிக்காதீர்கள், பிளாஸ்டிக் வாங்காதீர்கள், குழாயை இறுக்கி மூடுங்கள். ஆளுக்கொரு துளசிச்செடியும் ஒரு துணிப்பையும் கொடுத்தார்கள். பையைத் திருப்பிப் பார்த்தேன். நம் மாடியில் கரி கொட்டுகிற ஆலையின் பெயர் பச்சை எழுத்தில் இருந்தது. மைக் என் வரிசைக்கு வருவதற்குள் டீ கொடுத்துவிட்டார்கள். துளசியை வாசலில் வைத்திருக்கிறேன். தினமும் அதன் இலையை ஈரத்துணியால் துடைத்தால்தான் பச்சை தெரிகிறது.

இப்போது அந்த ஆலையில் இன்னொரு புகைபோக்கி வரப்போகிறதாம். வியாழக்கிழமை அதே மண்டபத்தில் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். பேசுவதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். என் கணவருக்கு மணலியில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. "நீ பேசிட்டு வந்துடுவ. நாளைக்கு என் வேலைக்கு பேஜாரு ஆனா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். எனக்கும் பயம் இருக்கிறது. ஆனால் நேற்றும் மகன் படுக்க முடியாமல் என் தோளில் உட்கார்ந்தபடியே தூங்கினான். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயப் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். அவனுக்கு முன்னால் நான் எத்தனை நாள் ஈரத்துணியோடு நிற்பது?

பாட்டில் இப்போது அலமாரியில் இருக்கிறது. "காப்பியாம்மா?" என்று மகன் கேட்டான். கரி அடியில் தங்கினாலும் குலுக்கினால் மறுபடி கறுக்கிறது. நீ தைத்த குடைத்துணிப் பையில்தான் எடுத்துப் போகப்போகிறேன். பேச்சென்று எதுவும் எழுதி வைக்கவில்லை. நாங்கள் வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்வேன். எங்கள் மேல்வீட்டில் ஒருத்தி இருந்தாள், அவள் பெருக்கிய மாடியில் இறங்கிய தண்ணீர் இது என்று சொல்வேன். பிறகு பாட்டிலைக் குலுக்கி, மூடியைத் திறந்து, அவர்கள் மேஜைமேல் வைப்பேன்.