சோப்பு டப்பாவின் எட்டாம் கோடு

மார்ச் 3, செவ்வாய்

இன்று தொடங்கி இந்த நோட்டில் வரப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சால்டரிங் அயர்ன் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். (ஆறியிருந்தபோதுதான் வைத்தேன்.)

காலையில் அக்கா மகள் வந்தாள். அவள் வந்தால் கதவு, செருப்பு, நாற்காலி எல்லாம் ஒரே நேரத்தில் அதிரும். அதனால் அவளுக்குப் புயல் என்று பெயர். நாடக அரங்கில் ஒலி பார்ப்பது வேலை.

“மாமா, மூணு வாரமா எல்லா ஸ்பீக்கர்லயும் ஒரு கீச்சு. மெல்லிசா, கொசு மாதிரி. எங்கேயிருந்து வருதுன்னே பிடிபடல. இருபத்தொண்ணாம் தேதி நாடகத்துலயும் கேட்டுச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்னுட்டாரு மேனேஜர்.”

“போன வாரம்கூட மூணாவது வரிசைலதானே உக்காந்திருந்தேன்? ஒரு கீச்சும் இல்ல. உங்க மேனேஜர் காதுல கொசு குடும்பம் நடத்துது.”

“எனக்கும் கேக்குது மாமா.”

சிரிக்கவில்லை அவள். ஒவ்வொரு நாடகத்துக்கு முன்னும் என்னை அந்த மூன்றாம் வரிசையில் உட்காரவைத்து, “சரியா இருக்கா மாமா?” என்று கேட்பாள். நான் தலையசைத்தால்தான் திரை விலகும். உலக நாடகக் கலையே என் காதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் காதுக்குத் தப்பிய கீச்சா?

மார்ச் 5, வியாழன்

ஒரு சோதனைக் கருவி செய்கிறேன். உடல்: சோப்பு டப்பா. உயிர்: ஒரு சதுர பேட்டரி. குமிழைத் திருப்பத் திருப்ப எருமைக் குரலிலிருந்து எறும்புக் குரல்வரை ஓசை ஏறும். அந்த ஓசையை மைக், வயர், ஸ்பீக்கர் எதற்குள்ளும் அனுப்பலாம். எது விழுங்கிவிடுகிறதோ அதுதான் நோயாளி. குமிழைச் சுற்றிப் பேனாவால் இருபது கோடுகள் போட்டேன். சட்டைப் பையில் அடங்கும். சட்டை மட்டும் முழங்காலுக்கு இறங்கும்.

போன மாதம் புயல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மேல் மாட்ட ஒரு குட்டி விளக்கு செய்து கொடுத்தேனே, மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாத விளக்கு! அதைச் செய்த கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

மார்ச் 7, சனி

டப்பா பேசியது. சமையலறையிலிருந்து வீட்டுக்காரி: “அங்க யாரு கழுத்தை நெரிக்கிறீங்க?”

மார்ச் 8, ஞாயிறு

விசித்திரம். வீட்டு ஸ்பீக்கரில் ஓசை எட்டாம் கோட்டோடு செத்துவிடுகிறது. அதற்கு மேல் மயான அமைதி. ரேடியோவிலும் எட்டு. எதிர்வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கியதிலும் எட்டு. மொத்தம் ஆறு ஸ்பீக்கர், ஆறு கம்பெனி, ஆறு வயது. எல்லாம் எட்டில்தான் சாவது என்று பேசிவைத்துக்கொண்டனவா?

மார்ச் 10, செவ்வாய்

அப்படியானால் டப்பாவில்தான் கோளாறு. மூன்று முறை பிரித்துக் கட்டினேன். எட்டு, எட்டு, எட்டு.

இன்னொரு வினோதம்: குமிழ் பத்தில் நின்றபோது ஜன்னலுக்குக் கீழே நாற்பது நாய்கள் மாநாடு கூட்டின. தலைவர் தேர்தல்வரை போய்விட்டது. ஒரு சத்தமும் இல்லையே — எதைக் கேட்க வந்தன?

மார்ச் 12, வியாழன்

புயல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

“நிறுத்துங்க மாமா! காதுல ஊசி குத்துது!”

“எதை நிறுத்த?”

“விளையாடாதீங்க. அந்த டப்பாவை!”

குமிழ் பன்னிரண்டில் இருந்தது. அணைத்தேன், கையை இறக்கினாள். போட்டேன், பொத்திக்கொண்டாள். அணைத்தேன், போட்டேன். மூன்றாவது தடவை இருவருமே சிரிக்கவில்லை.

“எப்பலேருந்து மாமா?”

“தெரியலம்மா.” எனக்கு எப்படித் தெரியும்? கேட்காதது கேட்கவில்லை என்று யார் வந்து சொல்வார்கள்?

மார்ச் 13, வெள்ளி

பழுதான பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. ஐம்பத்தெட்டு வருடப் பழைய மாடல். உதிரி பாகம் கிடைக்காது.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று முழுக்க நோட்டையும் டப்பாவையும் தொடவில்லை. மூன்றாம் வரிசைக்கு வேறு காது பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்லிவிடலாமா?

ஆனால் ஓசையைக் காதால்தான் பிடிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? பழைய டேப் ரெக்கார்டரில் சத்தத்துக்கு ஏற்ப ஒரு ஊசி ஆடுமே! அதைப் பிடுங்கி டப்பாவில் பதித்தேன். குமிழைப் பன்னிரண்டுக்குத் திருப்பினேன். அறை அமைதியாக இருந்தது. ஊசி துள்ளியது.

நான் கண்ணால் பார்த்த முதல் சத்தம்.

மார்ச் 18, புதன்

காலி அரங்கம். மேனேஜர் கைகட்டி நின்றார். புயல் வயரை நீட்ட, நான் டப்பாவைப் பொருத்தினேன். ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் ஊசி ஆடியது. மிக்சரிலும் ஆடியது. மைக்குகளைப் பிடுங்கினோம், அப்போதும் ஆடியது. மிக்சர் மேல் மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

புயல் குட்டி விளக்கை அணைத்தாள். ஊசி படுத்துக்கொண்டது. போட்டாள். எழுந்து நின்றது.

“அட, கீச்சு நின்னு நின்னு வருது! இந்த விளக்கை யாரும்மா செஞ்சது?” என்றார் மேனேஜர்.

“ரொம்பப் பெரிய ஆளு ஒருத்தரு சார்.”

நான் கூரையின் வேலைப்பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கூரையில் வேலைப்பாடு எதுவும் இல்லை.

மார்ச் 21, சனி

அரங்கம் நிறைந்த கூட்டம். மிக்சர் மேல் கடையில் வாங்கிய டார்ச். டப்பா புயலின் கழுத்தில் தொங்கியது. நான் பின்வரிசையில் ஒதுங்கப் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்துவந்து மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தாள்.

“எட்டாம் கோட்டுக்குக் கீழ உள்ள சத்தம் எப்படி மாமா? மேல உள்ளதை டப்பாகிட்ட கேட்டுக்கிறேன்.”

கேட்டேன். நன்றாகக் கேட்டேன். தலையசைத்தேன். திரை விலகியது. மேனேஜர் கடைசிவரை குறை சொல்ல அவள் பக்கம் வரவே இல்லை.

திங்கட்கிழமை காது டாக்டர். டப்பாவும் கூட வருகிறது, அவருடைய கருவிகளைச் சோதிக்க.

ஒரு திருத்தம். நாற்பது நாய், மாநாடு, தேர்தல் எல்லாம் புளுகு. வந்தது ஒரே ஒரு நாய். ஜன்னலுக்குக் கீழே தலையைச் சாய்த்துக்கொண்டு, எனக்குக் கேட்காததை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அது மட்டும் உண்மை.