சென்-ஓரேலில் எங்கட ஆக்கள்

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்ட்ரியால்
18.1.1987

அன்பு மருமகள் மனோகரிக்கு,

மாதாவின் தயவால் எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் குளிருக்குத் தன்பாட்டில் முறைப்பாடு செய்கிறது. நீயும் உன் அம்மாவான என் அக்காவும் உன் மகள் கிளிக்குட்டியும் வளசரவாக்கத்து ஓர் அறைக்குள் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. இனி அதுவும் வேண்டாம். மாமா காரியத்தை முடித்துவிட்டேன்.

இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் போனால் சென்-ஓரேல் என்று ஒரு கவுண்டி. நீ கச்சேரி அலுவலகத்தில் கிளாக்காய் இருந்தவள், உனக்கு விளங்கும்: நம்முடைய உதவி அரசாங்க அதிபர் பிரிவு மாதிரி. முழுக்கச் சோளமும் மாடும். அங்கேயுள்ள கோயில்காரர் ஒரு அகதிக் குடும்பத்தைப் பொறுப்பெடுக்கிறார்கள். நான் அவர்களுடைய பாதரிடம் பிரெஞ்சில் முக்கால் மணித்தியாலம் பேசினேன். மனிசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “முசியே கிறகரி, உங்களுடையது பாரிஸ் பிரெஞ்சு” என்றார். மேயர் என் கையைப் பிடித்தவர், விடவேயில்லை. உங்கள் மூன்று பேருக்கும் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு, கிளிக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே நிபந்தனை, ஒரு வருடம் அங்கேயே இருக்க வேண்டும்.

எனக்கு டவுன்டவுனில் பெரிய றெஸ்ரோரன்ற்றில் வேலை. எனக்குக் கீழே பதினெட்டுப் பேர். ஆகையால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மாமா ச. கிறகரி (சுப்பவைசர்)


வளசரவாக்கம், சென்னை
20.2.1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கிளி அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தாள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அம்மாதான் ஓம் என்று சொல்லவில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்வி. நாங்கள் திருகோணமலைப் பக்கம் இருந்த குடியேற்றத்தில் நூற்றுப் பதினெட்டு வீடுகள். அதில் எங்கள் ஆட்களுடையது ஒன்பது, மற்றதெல்லாம் சிங்கள வீடுகள். அன்றைக்குக் கொல்ல வந்தவர்கள் எந்த ஒன்பது என்று யாரிடமும் வழி கேட்கவில்லை. என் அவர் படலையடியிலேயே முடிந்துபோனார். உங்களுக்குத் தெரிந்த கதைதான், திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

“வெள்ளைக்காரர் நல்லவையாத்தான் இருப்பினம்,” என்கிறார் அம்மா. “ஊரில அயலவையும் நல்லவையாத்தானே இருந்தவை. அங்க எங்கட ஆக்கள் எத்தினை எண்டு தம்பியைக் கேள். ஒண்டிரண்டு வீடெண்டால் நான் வரமாட்டன்.”

தயவுசெய்து உள்ளபடி எழுதுங்கள்.

அன்பு மருமகள்,
மனோகரி


பார்க் எக்ஸ்டென்ஷன்
29.3.1987

அன்பு மருமகளுக்கு,

அக்காவின் கேள்வியை வாசித்துச் சிரித்தேன். சென்-ஓரேல் கவுண்டியின் சனத்தொகைக் கணக்கை மேயரே என் கையில் தந்திருக்கிறார். எழுதிக்கொள். பிரெஞ்சுக்காரர் நூற்றுக்கு நாற்பது வீதம். எங்கட ஆக்கள் முப்பது வீதம், சரியாகச் சொன்னால் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம். இத்தாலியர் இருபத்தைந்து, கிரேக்கர் பதினைந்து, ஹெயிட்டிக்காரர் பத்து. மட்டக்களப்பார் ஒரு ரோட்டு, மன்னார் ஆட்கள் ஒரு ரோட்டு, நடுவில் யாழ்ப்பாணத்தார் நின்று இரண்டு பக்கத்துக்கும் புத்தி சொல்கிறார்கள். பேரின்பநாதன் என்று ஒருவர் மூலைக் கடை வைத்துத் தேங்காய் விற்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு தமிழ்ப் பூசை. பிரெஞ்சுக் கிழவிகள் புட்டு அவிக்கப் பழகிவிட்டார்கள்.

என்னோடு அறையில் இருக்கும் அருமைராசா இதை எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணை, உது எந்த ஊர்? எனக்கும் அங்க ஒரு வீடு பாருங்கோ” என்கிறான். பொறாமை.

இப்படிக்கு,
மாமா ச. கிறகரி (சுப்பவைசர்)


வளசரவாக்கம்
2.5.1987

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா ஓம் என்று சொல்லிவிட்டார். பத்திரங்களில் கையெழுத்து வைத்தாயிற்று. ஆவணி கடைசியில் நேர்முகம் வைப்பார்களாம்.

உங்கள் வீதங்களைக் கூட்டிப் பார்த்தேன். நூற்றிருபது வருகிறது. கச்சேரியில் என்றால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்போம். அம்மாவிடம் சொன்னதற்கு, “ஆக்கள் கூடினா நல்லதுதானே” என்கிறார். நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பன்னிரண்டு என்று செபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நேற்றுப் பகல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமைத்தார்.

மாமா, கோபிக்க வேண்டாம். நீங்கள் எழுதியது உண்மைதானே?

மனோகரி


பார்க் எக்ஸ்டென்ஷன்
30.5.1987

மருமகளே,

கிறகரி மாமாவின் வாயால் பொய் வருமா? உண்மை. கூட்டலில் தவறு வந்தது மேயருடைய கிளாக்கின் பிழை, நான் அவனைக் கண்டித்துவிட்டேன். அக்காவைக் குளிருக்கு நல்ல காலுறை கொண்டுவரச் சொல்.

மாமா


வளசரவாக்கம்
14.9.1987

மாமா,

நேர்முகம் போன கிழமை முடிந்தது. அதிகாரி ஒரு பெண், தன்மையாகத்தான் கேட்டார். ஏன் இந்த இடம், அங்கே யாரைத் தெரியும் என்றார். நான் வாயைத் திறக்க முதல் அம்மா தொடங்கிவிட்டார். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம், தமிழ்ப் பூசை, பேரின்பநாதனின் தேங்காய். மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார். தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். சென்-ஓரேல் கவுண்டியின் சனத்தொகை, இனவாரியாக. பிரெஞ்சு இருபத்தோராயிரத்துச் சொச்சம். பிரித்தானியர் ஆயிரத்து முந்நூறு. ஜெர்மானியர், டச்சுக்காரர் நூற்றுக்குள். எங்கள் பக்கத்து ஆட்களை, இந்தியர் பாகிஸ்தானியர் எல்லாரையும் சேர்த்து, ஒரே வரியில் போட்டிருந்தது. சைபர்.

எத்தனையோ அட்டவணை தட்டச்சு செய்தவள் நான். ஒரு சைபரைப் பார்த்து இப்படி வெட்கப்பட்டதில்லை.

யாராவது சொல்லிக்கொடுத்துப் பேசுகிறோமா என்று விசாரிக்க வேண்டுமாம். அதுவரை கோப்பு நிற்கிறது. பஸ் தரிப்பில் அம்மா ஒன்றுதான் கேட்டார்: “சைபர் எண்டுதானே பிள்ளை போட்டிருந்தது?”

இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து அகதிகளைக் கப்பலில் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று இங்கே கதை. அம்மா பெயர் கொடுக்கப் போகிறாராம். “அங்க ஒன்பது வீடாவது இருந்தது” என்கிறார்.

கோபப்படவும் உடம்பில் தெம்பில்லை. இனிக் கணக்கு எதுவும் எழுத வேண்டாம்.

மனோகரி


சென்-ஓரேல்
8.11.1987

மனோகரி,

உன் கடிதத்தை ஒரு கிழமை சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு அருமைராசாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “அண்ணை, எங்களுக்கு அடிச்சு விடுறது வேற. இது உங்கட அக்கா” என்றான்.

நான் சுப்பவைசர் இல்லை. கோப்பை கழுவினேன். பாதரோடு பேசியது அரைகுறை இங்கிலிசில், பத்து நிமிடம். மேயரை நான் கண்டதே இல்லை. அக்கா மாட்டேன் என்று சொல்லிவிடுவா என்ற பயத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் என் ஜன்னலுக்கு வெளியே போய்வந்த எல்லாரையும் அந்தக் கவுண்டிக்கு ஏற்றி அனுப்பினேன். வேறு ஒன்றுமில்லை.

பாதரிடம் போய்ச் சொன்னேன். தட்டச்சு இயந்திரத்தை இழுத்து முன்னால் வைத்தார். பிறகு, பொய் என்னுடையது, உங்களுக்கு அது பொய் என்று தெரியாது என்று விசா அதிகாரிக்குக் கடிதம் அடித்தார். நான் கையெழுத்து வைத்தேன். பிரதி இத்துடன் இருக்கிறது. அது போதுமா என்று அவருக்கும் தெரியாது.

டவுன்டவுன் லைபிரறியில் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சைபர்தான். ஒரு ஆள் போய் இருந்தால் அடுத்த முறை இதில் ஒன்று என்று வருமா என்று அங்கேயிருந்த பெண்ணிடம் கேட்டேன். வராதாம். ஆட்கள் மிகக் குறைவென்றால் ஒன்று, இரண்டு என்று அச்சடிக்க மாட்டார்களாம். சைபர் என்று போடுவார்கள், அல்லது ஐந்து என்று போடுவார்கள். ஏன் என்று கேட்டேன். அந்தக் கொஞ்சப் பேர் யார் என்று புத்தகத்தைப் பார்த்து ஒருவரும் கண்டுபிடிக்கக் கூடாதாம். அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அக்காவுக்கு இதை மெல்லச் சொல். நம்பாவிட்டால் விட்டுவிடு, என் வாயால் வந்த செய்தி.

நான் இங்கே குடிவந்தது புத்தகத்தில் தெரியாதே தவிர ஊருக்குத் தெரியும். நான் கடைக்குப் போனால் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். அதற்கு மேல் இன்னும் ஒன்றும் எனக்குத் தெரியாது.

வந்து மூன்று கிழமை. “சனம் நாட்டுப்புறத்திலயிருந்து மொன்ட்ரியாலுக்கு ஓடி வருது, நீங்கள் எதிர்ப்பக்கம் ஓடுறியள்” என்று அருமைராசா பஸ்ஸடி வரை புறுபுறுத்துக்கொண்டு வந்தான். கோழிப் பண்ணையில் முட்டை அடுக்குகிறேன். ஒரு விதவைக் கிழவியின் வீட்டில் அறை. அவவின் சூப்பில் உப்பில்லை. தேங்காய் கிடையாது. பூசை பிரெஞ்சில், பாதி விளங்குவதில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்து என்பாட்டில் தமிழில் சொல்கிறேன். சில நாளைக்கு என் குரலை நானே கேட்பதில்லை.

இங்கே எங்கட ஆக்கள் ஒருவர். நீங்கள் வந்தால் நாலு பேர். வராவிட்டால் இந்தக் குளிருக்குள் இருந்து நான் என்ன செய்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.

கப்பலுக்குப் பெயர் கொடுக்க முதல் அக்காவை எனக்கு ஒரு சொல் சொல்லச் சொல். நீ எழுதி அனுப்பு. வேண்டாம் என்றாலும் அதை அவ சொன்னபடியே எழுது.

கிறகரி