நான்காவது ஓரம்

தார் வாசனையோடு வீடு வந்து சேரும் என் அருமை அண்ணனுக்கு,

தை பிறந்துவிட்டது. மண் காய்ந்ததும் ரோட்டு வேலை தொடங்கிவிடும் அல்லவா? உங்கள் மேஸ்திரி போன வாரம் வந்தார். டிரம்முக்கெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தாயிற்றாம். ‘மெதுவாகச் செல்லவும்’ பலகையைப் புதிதாக எழுதி, அரிக்கேன் விளக்குகளுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளும் ஒட்டியாயிற்றாம். கொடிதான் பாக்கி என்றார். நீங்கள் போன பிறகு எட்டு வருஷமாக அந்தக் கொடிகளைத் தைத்துக் கொடுப்பது நான்தான். ஏன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். அந்த வருஷம் காண்டிராக்டர் கொடுத்தவை சாயம் போன பழைய கொடிகள். இதைக் காட்டினால் துண்டு காயப் போட்டிருக்கிறான் என்றுதான் லாரிக்காரன் நினைப்பான் என்று சிரித்தீர்கள். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், கட்டிங் டேபிளுக்கு அடியில் நல்ல சிவப்பில் துண்டுகள் கிடந்தன. கேட்டு எடுத்து வந்து, சதுரமாக வெட்டிக் கம்பில் கட்டிக் கொடுத்தேன். வேறு ஊர்க்காரி என்றால் காடாத்துணிக்குச் சாயம் போட்டிருப்பாள். எனக்குக் கைக்கு வந்தது பனியன் துணி.

பனியன் துணியை வெட்டி அப்படியே விட்டால் ஓரம் சுருளும். நாள் முழுக்க அந்த ஓரத்தை மடித்து அடிப்பதுதான் என் பிழைப்பே. ஊரான் போடுகிற பனியனுக்கு மடித்த கை, அண்ணன் பிடிக்கிற கொடிக்கு மடிக்கவில்லை. இரண்டு நாள் காற்றில் அது சுருண்டு கயிறாகிவிட்டது. எடுத்து வந்து காட்டினீர்கள். கோபம்கூட இல்லை.

“ஓரம் மடிச்சுத் தெச்சுக் குடு அம்மிணி, விரிய மாட்டீங்குது.”

கம்பெனியில் ஷிப்மெண்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை தைத்துத் தருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அவிநாசிபாளையத்துக்கு இந்தப் பக்கத்து வளைவில் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். லாரி நிற்கவில்லை. கொடியே கண்ணில் படவில்லை என்று அந்த டிரைவர் அழுதானாம். ஊரே அவனைத் திட்டியது. நான் திட்டவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. விசேஷத்துக்குப் போனாலும் அடுப்படிப் பக்கமே நின்றுவிட்டு வந்துவிடுவேன். அண்ணிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். சொல்லாமலே செத்துப் போய்விடுவேனோ என்று அதைவிடப் பயம். எட்டு வருஷம் இப்படி ஒரு பிழைப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கே போனேன். இப்போதெல்லாம் சாமளாபுரத்துத் தறித்துணிதான், அது சுருளாது. அப்படியும் நாலு ஓரமும் மடித்துத்தான் தைக்கிறேன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

“நங்கையா, அண்ணன் செத்தது என்னாலதானுங்க. ஓரம் தெச்சுக் கேட்டாங்க, நாந்தான் தள்ளிப் போட்டேனுங்க.”

அண்ணி எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்தக் கொடியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உங்கள் கையிலிருந்து மேஸ்திரி எடுத்துக் கொடுத்தது. விரித்தேன். இரண்டு ஓரம் சுருண்டிருந்தது. மற்ற இரண்டு ஓரத்திலும் கறுப்பு நூலில் கோணல்மாணலாகக் கைத்தையல்.

“வெள்ளிக்கெழமை காலைல நாந்தான் அம்மிணி தெச்சேன். ரெண்டு ஓரத்தோட நூலு தீந்து போச்சு. பக்கத்தூட்டுல கேக்கச் சங்கடப்பட்டுக்கிட்டு, மீதிய வந்து தெச்சுக்கலாம் போங்கன்னு அனுப்பிப்போட்டேன்.”

அண்ணா, நான்தான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. உன் அண்ணனைப் பாதிக் கொடியோடு அனுப்பிவிட்டேன் என்று என்னிடம் எப்படிச் சொல்வது என்றே அவரும் இத்தனை வருஷம் குனிந்து நடந்திருக்கிறார். அன்றைக்கு வாசலைத் தாண்டும்போது என்ன நினைத்தீர்கள்? பாதி போதும் என்றா? எங்கள் இரண்டு பேரில் யார்மேலாவது வருத்தம் இருந்ததா?

அண்ணி பிடித்துக்கொள்ள மூன்றாவது ஓரத்தை நான் தைத்தேன். நான் பிடித்துக்கொள்ள நான்காவதை அவர் தைத்தார். தரையில் போட்டோம். சுருளவில்லை, விரிந்தே கிடந்தது. இவ்வளவுதானா வேலை என்று அண்ணி கேட்டார். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

நாளைக்கு மேஸ்திரி வருகிறார். மற்றக் கொடிகளோடு அதையும் கொடுத்துவிடுவோம், பெட்டியில் கிடந்து யாரைக் காக்கப் போகிறது என்று அண்ணிதான் சொன்னார். ஒன்று மட்டும் உறுதி அண்ணா. ஓரம் மடிக்காத கொடி நம் வீட்டிலிருந்து ஒருநாளும் ரோட்டுக்குப் போகாது. கேட்டவரை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காக்க வைக்கவும் மாட்டேன்.

எட்டு வருஷம் பிந்தித் தைத்து முடித்த
உங்கள் அம்மிணி